சித்திராங்கதையின் சக்களத்தி

அழகில்லாத பெண்ணைக் கதாநாயகியாக வைத்து நாவல் எழுதத் துணிகிறவர்கள் குறைவு. துணிந்தவர்களும் பாதி வழியில் பயந்துவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் கறுப்பு, ஒல்லி, எடுப்புப் பல் என்று ஆரம்பித்தவர், மூன்றாவது அத்தியாயத்துக்குள் அவளுக்கு அபாரமான கண்களைக் கொடுத்துவிடுவார். அப்புறம் கூந்தல் வரும். கதை முடிவதற்குள் அவள் அட்டைப் படத்துக்குத் தயாராகிவிடுவாள். தோற்றத்தைத் தாண்டி மனத்தைப் பார் என்பதுதான் அந்தக் கதையின் உபதேசம். ஆனால் உபதேசம் செய்கிறவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

1847-ல் வெளிவந்த 'ஜேன் அய்ர்' நாவலில் சார்லட் பிரான்டி இந்த மோசடியைச் செய்யவில்லை. அவருடைய ஜேன் கடைசிப் பக்கம் வரையில் சின்ன உருவமும் சாதாரண முகமும் உள்ளவள்தான். கண் நன்றாகத் தெரிந்த காலத்திலேயே ராச்செஸ்டர் அவளை நேசித்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், இருவரும் சேர்ந்து வாழப் போகிற கட்டம் வரும்போது வீடு தீப்பற்றி அவன் பார்வை போய்விடுகிறது. பிற்பாடு ஒரு கண்ணில் கொஞ்சம் திரும்பி வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் உறுத்துகிறது. பார்வையோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டே இந்தக் கதையை முடித்துக் காட்ட முடியாதா?

முடியும் என்று 1892-ல் ஒருவர் காட்டினார். அது ரவீந்திரநாத தாகூரின் 'சித்ராங்கதா' என்ற கவிதை நாடகம். 1913-ல் 'சித்ரா' என்ற பெயரில் அவரே அதை ஆங்கிலத்தில் தந்தார். நம்மில் பலருக்குத் தெரிந்தது அந்த ஆங்கிலச் சித்ராதான்.

நாடகம் பிறந்த விதத்தைத் தாகூர் பிற்காலத்தில் ஒரு முன்னுரையில் சொல்லியிருக்கிறார். சாந்திநிகேதனிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாராம். வசந்த காலம். தண்டவாளத்தின் ஓரமெல்லாம் காட்டுப் பூக்கள். இன்னும் சில நாளில் வெயில் ஏறினால் இவை உதிர்ந்துவிடும், அதற்குப் பிறகுதான் மாமரத்தில் பழம் தொங்கும் என்று நினைத்தார். அந்த நினைப்போடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தன் இளமையின் மயக்கத்தினால்தான் காதலன் தன்னிடம் கட்டுண்டு கிடக்கிறான் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அவள் தன் அழகையே சக்களத்தியாக நினைக்கமாட்டாளா? இந்தக் கேள்விக்கு உருவம் தேடிப் போனபோதுதான் மகாபாரதத்துச் சித்திராங்கதை அகப்பட்டாள்.

ஆதிபருவத்தில் இவள் கதை நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். தீர்த்த யாத்திரை போன அர்ஜுனன் மணலூருக்கு, அதாவது மணிபுரத்துக்கு, வருகிறான். அரசன் சித்திரவாகனனின் மகளைப் பார்க்கிறான், ஆசைப்படுகிறான், கேட்கிறான். பிறக்கிற பிள்ளை எங்கள் குலத்துக்கே வாரிசு என்கிறார் மாமனார். சரி என்கிறான் மாப்பிள்ளை. நம் வில்லிபுத்தூரார் இந்தச் சித்திரவாகனனைப் பாண்டியனாக்கி, கல்யாணத்தை மதுரைக்கே கொண்டுவந்துவிட்டார். மதுரை என்றதும் 'அல்லி அரசாணி மாலை' நினைவுக்கு வருகிறது. பெரிய எழுத்துப் புத்தகமாக நம் பாட்டிமார்கள் படித்தது. அதில் அர்ஜுனன் பாம்பாக வேஷம் போட்டுக்கொண்டு போய், தூங்குகிற அல்லிக்குத் தாலி கட்டுகிறான். அங்கே வேஷம் ஆணுக்கு. தாகூரின் நாடகத்தில் வேஷம் பெண்ணுக்கு.

மூலத்தில் சித்திராங்கதை அழகி. அதைத்தான் முதலில் தாகூர் மாற்றினார். அவருடைய சித்ரா பிள்ளைபோல வளர்க்கப்பட்டவள். வில் பிடித்துத் தழும்பேறிய கை. யாரையும் கண்ணால் வளைக்கத் தெரியாது. காட்டில் அர்ஜுனனைக் கண்டு, பெண்ணுடை தரித்துப் போய்த் தன் மனத்தைச் சொல்கிறாள். பிரம்மசரிய விரதம் பூண்டிருக்கிறேன் என்று அவன் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவள் மன்மதனிடமும் வசந்தனிடமும் போய் ஒரே ஒரு நாளைக்கு அழகு கேட்கிறாள். அவர்கள் ஒரு வருஷத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த விரதம் எங்கே போயிற்று? பன்னிரண்டு வருஷ விரதம் ஒரு பார்வையில் கரைந்துபோகிறது. ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவேண்டும், வந்தது அவமானம். இவ்வளவு பெரிய வீரன் இரண்டு கண்களுக்காகத் தன் வார்த்தையை விட்டுவிட்டானே என்ற அவமானம்.

மறுநாளே அவள் மன்மதனிடம் ஓடி, இந்த வரத்தைத் திருப்பி எடுத்துக்கொள் என்று கெஞ்சுகிறாள். இந்த உடம்பு என் சக்களத்தி. தினமும் இவளுக்கு நானே அலங்காரம் பண்ணி, நானே அவரிடம் அனுப்பி, அவர் கொஞ்சுவதை நானே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்கிறாள். நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அழகில்லாதவள் அழகிமேல் பொறாமைப்படுவதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தியே இரண்டு பேராகி, அணைப்பு முழுவதும் மற்றவளுக்குப் போய்ச் சேருவதை எழுதியவர் அபூர்வம்.

1936-ல் தாகூர் இதை நாட்டிய நாடகமாக மாற்றினார். மேடையில் பெரும்பாலும் இரண்டு நடனமணிகள் வருகிறார்கள். வரத்துக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. கண்ணுக்கு ரம்மியமாக இருக்கிறது. ஆனால் எனக்குப் படித்த நாடகமே மேல். இரண்டு உடம்புகளைக் கண்ணால் பார்த்துவிட்டால், நாமும் அர்ஜுனன் கட்சியில் சேர்ந்து அழகியையே பார்த்துக்கொண்டிருப்போம். போதாக்குறைக்கு, அழகில்லாதவளாக வருகிற நடனமணியும் அழகாகத்தான் இருக்கிறாள். (2012-ல் ரிதுபர்ணோ கோஷ் இந்தப் பெயரிலேயே ஒரு வங்காளிப் படம் எடுத்தார். அது ஒருவன் தன் உடம்பையே மாற்றிக்கொள்ள விரும்பும் கதை. தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

அர்ஜுனன் எப்படி மனம் மாறுகிறான் என்பதில்தான் தாகூரின் கெட்டிக்காரத்தனம். எதிரே இருப்பவளின் முகத்துக்குள் எட்டிப் பார்த்து அவன் எதையும் கண்டுபிடிப்பதில்லை. காட்டில் அவர்கள் இருவர் மட்டும். அவள் ஊர் என்ன, பெயர் என்ன என்று கேட்டாலும் பிடிகொடுக்காமல் நழுவுகிறாள். அடுத்த வீட்டுக்காரர் இல்லை, உறவு இல்லை, செய்வதற்கு ஒரு வேலை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை ஒருவர் எங்கே அறிவது? அலுப்புத் தட்டுகிற சமயத்தில், கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கிராமத்து ஜனங்கள் அந்தப் பக்கம் வருகிறார்கள். எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ராஜகுமாரி சித்ரா யாத்திரை போய்விட்டாளே, அவள்தானே எங்களுக்குத் தாயும் தகப்பனும் என்று புலம்புகிறார்கள். அர்ஜுனன் நிமிர்ந்து உட்காருகிறான். அன்று முதல் அவனுக்கு அந்தச் சித்ராவைப் பற்றிய நினைவுதான். தான் திருப்பி அனுப்பிய பெண்ணையே, இன்னாள் என்று தெரியாமல், அவள் காப்பாற்றிய ஜனங்களின் பேச்சு வழியாக நேசிக்கத் தொடங்குகிறான். பெண் பார்க்கப் போனால் அரைமணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதைவிட, அந்தத் தெருவில் நாலு பேரை விசாரிப்பது மேல் என்று நம் பாட்டிமார்கள் நினைத்ததில் கொஞ்சம் விஷயம் இருந்திருக்கிறது. அவர்கள் விசாரித்தது பெரும்பாலும் நகையைப் பற்றி என்பது வேறு கதை.

இன்னொரு கசப்பையும் தாகூர் மறைக்கவில்லை. அந்த இரவல் முகம் இல்லாவிட்டால் அர்ஜுனன் அந்தக் காட்டில் தங்கியிருக்கவே மாட்டான். ஜனங்களின் பேச்சும் அவன் காதில் விழுந்திராது. முகத்தைத் தாண்டிப் போக முகமே வாசலாக இருந்திருக்கிறது. நம் உபதேசக் கதைகள் எதுவும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

குறை இல்லையா என்றால், உண்டு. கடைசிக் காட்சியில் வருஷம் முடிந்து, திரையை விலக்கி, தன் சொந்த முகத்தோடு சித்ரா நிற்கிறாள். கோவிலில் வைத்துக் கும்பிடவும் வேண்டாம், பூச்சியைப்போலத் தட்டிவிடவும் வேண்டாம், உங்கள் ஆபத்தான வழியில் துணையாக என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள் என்கிறாள். தன் வயிற்றில் வளர்கிற குழந்தையைப் பற்றியும் சொல்கிறாள். இவ்வளவுக்கும் அர்ஜுனன் பதிலாக ஒரே ஒரு வரி. மனம் நிறைந்துவிட்டது என்கிறான், அவ்வளவுதான். ஒரு வருஷம் ஏமாற்றப்பட்டவனுக்கு ஒரு கணம் கோபம் வராதா? அந்த முகத்தைப் பார்த்து ஒரு நொடியாவது தயங்கமாட்டானா? நாவலாக இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு ஓர் அத்தியாயம் வேண்டும். தாகூர் அவசரமாகத் திரையைப் போட்டுவிட்டார் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மூலத்தை மறுபடி புரட்டினால் வேறொன்று தோன்றுகிறது. மகாபாரதத்து அர்ஜுனன் அந்த ஊரில் மூன்று வருஷம் இருக்கிறான். பப்ருவாகனன் பிறக்கிறான். பிறகு மாமனாரிடம் விடைபெற்றுக்கொண்டு அடுத்த தீர்த்தத்துக்குக் கிளம்பிவிடுகிறான். சித்திராங்கதை குழந்தையோடு ஊரிலேயே இருக்கிறாள்.