ஓட்டக்காரனின் கணக்கு

நெடுந்தூரம் ஓட ஆரம்பித்ததால் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்லுகிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை டானிக் விளம்பரத்தின் ஜாதியைச் சேர்ந்தவை. முதல் பக்கத்தில் தொந்தியும் சோர்வுமாக ஒரு மனிதன். கடைசிப் பக்கத்தில் அவனே மெலிந்து, சிரித்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் அவனுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இலக்கியத்துக்கு வேண்டிய விஷயம். அது மட்டும் அங்கே இராது. ஓட்டம் மனிதனை மாற்றுகிறதா, மாற்றினால் அவனிடத்தில் எதை மாற்றுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க விரும்புகிற வாசகருக்கு நான் இரண்டு நூல்களைச் சிபாரிசு செய்வேன். ஒன்று ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமியின் அனுபவக் குறிப்பு. மற்றது ஆங்கில எழுத்தாளர் ஆலன் சிலிட்டோவின் நீண்ட சிறுகதை.

முரகாமியின் நூல் 2007இல் வெளிவந்தது. ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது தாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்கிற பொருள்படும் நீளமான தலைப்பு அதற்கு. டோக்கியோவில் ஜாஸ் சங்கீதத்துடன் ஒரு மது விடுதி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அதை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டதும் உட்கார்ந்த இடத்திலேயே பொழுது போயிற்று, உடம்பு பருத்தது, நாளொன்றுக்கு 60 சிகரெட் புகைந்தது. 1982இல், 33வது வயதில், ஓட ஆரம்பித்தார். மறு வருஷமே கிரீஸ் தேசத்துக்குப் போய், ஆதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர் வரையில் ஜூலை மாத வெயிலில் தன்னந்தனியாக ஓடினார். வழியில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்த நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டே ஓடியதாகச் சொல்லுகிறார். வீரதீரக் கதை எழுத நினைப்பவன் இந்தத் தகவலை விட்டுவிடுவான். நாவலாசிரியன் விடமாட்டான்.

இந்த நூலின் சிறந்த பகுதி 1996இல் ஹொக்கைடோத் தீவில், சரோமா ஏரிக் கரையில் அவர் ஓடிய 100 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றியது. 11 மணி 42 நிமிஷம் பிடித்தது. பாதிக்கு மேல் கால்கள் கலகம் செய்தன. தாம் மனிதன் அல்ல, ஒரு யந்திரம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஓடினார். 75 கிலோமீட்டர் தாண்டியதும் வலி எங்கோ விலகிப்போய், தன்னையே மறந்த ஒரு நிலை வந்தது. சாதாரணப் புத்தகம் இங்கே முடிந்துவிடும். ஞானம் பிறந்தது என்று மங்களம் பாடிவிடுவார்கள். முரகாமியோ அதன் பிறகு நடந்ததையும் சொல்லுகிறார். அந்த ஓட்டத்துக்குப் பின் ஓடுவதில் இருந்த ஆசையே அவருக்கு வற்றிப்போயிற்று. வெகு காலம் ஒரு மந்தம் பிடித்துக்கொண்டது. பிறகு வயதும் சேர்ந்துகொள்ள, ஓட்ட நேரங்கள் வருஷா வருஷம் மோசமாயின. எத்தனை உழைத்தாலும் பழைய வேகம் திரும்புவதில்லை என்று தெரிந்தபிறகும் விடிவதற்குள் எழுந்து ஓடுகிறாரே, அந்த இடத்தில்தான் மாறுதல் என்று ஏதாவது இருந்தால் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வென்றவன் ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. தோற்றுக்கொண்டே இருப்பவன் நிதானமாக ஓடுவதுதான் ஆச்சரியம்.

ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஓட்டத்துக்காக அவர் இரவில் சீக்கிரம் படுத்து விடியுமுன் எழத் தொடங்கினார், அழைப்புகளை மறுத்தார், சிலருக்கு அதனால் மனஸ்தாபம். வாசகர்களோடு உள்ள உறவே தமக்கு முக்கியம் என்று அவர் சமாதானம் சொல்லிவிடுகிறார். வீட்டில் கூட இருந்தவருக்கு இந்த வாழ்க்கை எப்படி இருந்தது? மனைவி அதற்குத் தம்மைப் பழக்கிக்கொண்டார் என்பதற்கு மேல் அதிகம் தெரியவில்லை. ஒரு மனிதன் திடீரென்று ஒழுங்குக்கு வந்துவிட்டால், வீட்டு அடுப்பு எரிகிற நேரமும் விளக்கு அணைகிற நேரமும் மாறிப்போகின்றன. அந்தக் கணக்கையும் எழுதியிருந்தால் நூல் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

சிலிட்டோவின் 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' 1959இல் வந்தது. கதாநாயகன் ஸ்மித், நாட்டிங்ஹாம் நகரத்து ஏழைப் பையன். ரொட்டிக் கடையில் திருடிய பணத்தை வீட்டு வாசலில் மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் ஒளித்துவைக்கிறான்; போலீஸ்காரன் வந்து விசாரித்துக்கொண்டு நிற்கும்போதே மழை அந்த நோட்டுகளை அவன் காலடியில் கொண்டுவந்து தள்ளிவிடுகிறது. சீர்திருத்தப் பள்ளியில் போட்டுவிடுகிறார்கள். அங்கே உள்ள அதிகாரி, இவன் ஓட்டத்தில் கோப்பை வாங்கித் தந்தால் தம் பள்ளிக்குக் கௌரவம் என்று கணக்குப் போடுகிறார். ஓட்டம் பையனைத் திருத்தும் என்றும் நம்புகிறார். விடியற்காலைக் குளிரில் தனியாக ஓடும்போதுதான் ஸ்மித்துக்கு யோசனை பண்ண நேரம் கிடைக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே கிடந்து செத்த அப்பனைப் பற்றி யோசிக்கிறான். போட்டி நாளில் எல்லாரையும் முந்தி வந்தவன், எல்லைக்கு எதிரில் வேண்டுமென்றே நின்று, அடுத்தவனைப் போகவிடுகிறான். அதற்குத் தண்டனையாகக் கடும் வேலைகளைச் செய்ய நேர்ந்தும் அவன் வருந்தவில்லை.

இருவரும் செய்வது ஒரே காரியம்: ஊர் விழிக்குமுன் தனியாக ஓடுவது. ஒருவருக்கு அது நாவல் எழுதத் தேவையான பொறுமையைப் பயிற்றியது. மற்றவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் தெம்பைக் கொடுத்தது. ஓட்டம் நல்லவனாக்கும் என்று நம்பிய அதிகாரிக்குத்தான் ஏமாற்றம். தேகப்பயிற்சி ஒழுக்கத்தைக் கொடுக்கும் என்று நாமும் குழந்தைகளிடம் ஓயாமல் சொல்லுகிறோம். அது கொடுப்பது, பிறர் கை படாத ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் மனிதன் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்கிறான். கேட்டது பிடித்திருக்கிறதா, அதன்படி நடப்பானா என்பது அவனவன் பாடு. அதிகாரி கொடுத்த நேரத்தையும் ஸ்மித் தன்னுடையதாக்கிக்கொண்டான் என்பதுதான் சிலிட்டோ கதையின் உயரம்.

முரகாமியும் யாரையும் ஓடச் சொல்லவில்லை. அந்த நாகரிகத்துக்காகவே அவர் நூலை எனக்குப் பிடிக்கிறது. படித்து முடித்த மறுநாள் வாசகர் ஓடப் புறப்படாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தம் நாளில் எந்த ஒரு மணி நேரம் தமக்கே சொந்தம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தால், இரண்டு ஆசிரியர்களும் தம் வேலையைச் செய்துவிட்டார்கள் என்றே சொல்லுவேன்.