சுவருக்குள் இருந்த விதைக் கோதுமை

பனி மூடிய மரவீடு, கணப்பில் எரியும் விறகு, கையில் காப்பிக் கோப்பை. நள்ளிரவில் தூக்கம் வராமல் ஃபோனைத் தள்ளிக்கொண்டே போகிற யாரும் இந்த மாதிரி வீடியோ ஒன்றையாவது பார்த்திருப்போம். ஊரைவிட்டு விலகி ஒரு நிலம் வாங்கி, யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்வது. ஆபீசில் டெட்லைன் நெருக்கும் வாரங்களில் நானும் இவற்றை நிறையப் பார்ப்பேன். அதில் ஒன்றை மட்டும் காட்டவே மாட்டார்கள். விறகு தீர்ந்துபோனால் என்ன செய்வது?

லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘தி லாங் வின்ட்டர்’ கிட்டத்தட்ட அதை மட்டுமே பேசும் நாவல். 1940-இல் வந்தது. அவருடைய ‘லிட்டில் ஹவுஸ்’ வரிசையில் ஆறாவது. சிறுவர் நூல் என்று அலமாரியில் ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். பசியைப் பற்றி நான் வாசித்த நல்ல நாவல்களில் இதுவும் ஒன்று.

களம் அமெரிக்காவின் டகோட்டா பிரதேசம், டி ஸ்மெட் என்ற புத்தம்புது சிற்றூர். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் தங்கி உழுது பயிரிட்டால் 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகிவிடும். அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று இங்கல்ஸ் குடும்பம். அப்பா, அம்மா, நான்கு பெண்கள். மூத்தவள் மேரிக்குப் பார்வை கிடையாது. இரண்டாமவள் லாராவுக்குப் பதின்மூன்று வயது. 1880 அக்டோபரில், அறுவடைக் காலம் முடியும் முன்பே, முதல் பனிப்புயல் அடிக்கிறது. அடுத்த ஏழு மாதங்கள்தான் நாவல்.

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்மேல் நிற்கும் ஈரம். இந்த நாவலின் பனிக்கு எடை உண்டு. முதல் புயல் ஓய்ந்ததும் மாடுகள் தலை குனிந்து அசையாமல் நிற்பதை லாரா பார்க்கிறாள். அவற்றின் மூச்சே மூக்கைச் சுற்றிப் பனிக்கட்டியாக உறைந்து, தலையைத் தரையோடு பிடித்து வைத்திருக்கிறது. அப்பா ஒவ்வொன்றாக உடைத்து விடுகிறார். கதை முழுவதற்கும் இந்த ஒரு காட்சி போதும். இங்கே நம் மூச்சே நம்மை அடைத்துவிடக்கூடும்.

காகிதம் ஒட்டிய குடிசையில் தாக்குப்பிடிக்க முடியாது என்று குடும்பம் ஊருக்குள், அப்பா கட்டி வைத்திருந்த கட்டடத்துக்கு வந்துவிடுகிறது. நிலத்தில் வாழ வந்தவர்கள் முதல் குளிருக்கே நிலத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். ஊருக்கும் ஒரே உயிர்நாடிதான், ரயில். நிலக்கரி, மண்ணெண்ணெய், மாவு எல்லாம் அதில்தான் வரவேண்டும். எங்கள் தொழிலில், ஒரே இடத்தில் அறுந்தால் மொத்தமும் நின்றுபோகிற அமைப்பைக் கண்டால் சீனியர்கள் திட்டுவார்கள். டி ஸ்மெட் அப்படிப்பட்ட அமைப்பு.

அது எப்படி அறுந்தது என்பதை வைல்டர் துல்லியமாகச் சொல்கிறார். மேட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட பள்ளங்களில் பனி நிரம்புகிறது. ஆட்கள் மண்வாரியால் அள்ளி இருபுறமும் கொட்டுகிறார்கள். கரை உயர்கிறது. அடுத்த புயலில் அந்த உயரம் வரைக்கும் பனி நிரம்புகிறது. அள்ள அள்ள வேலை கூடிக்கொண்டேதான் போகிறது. கிழக்கிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் பொறுமை இழந்து, எஞ்சினை முழு வேகத்தில் பனிக்குள் மோதவிடுகிறார். எஞ்சின் சிக்கிக்கொள்கிறது. அதன் சூட்டில் உருகிய பனி சுற்றிலும் மறுபடி உறைந்து அதைக் கட்டிப்போடுகிறது. இதை அப்பா வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் அதற்கப்புறம் வசந்தம் வரை ரயில் கிடையாது.

பிறகு நாவலில் கைகள் மட்டும்தான். நிலக்கரி தீர்ந்ததும் வைக்கோலை முறுக்கிக் கட்டையாக்கி எரிக்கிறார்கள். அது நிமிடங்களில் எரிந்துவிடும், அதனால் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு தீர்ந்ததும் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன இயந்திரத்தில் கோதுமையை அரைக்கிறார்கள். அதையும் மாற்றி மாற்றி, நிறுத்தாமல். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் அம்மா ஒரு பொத்தான், கந்தல் துணி, வண்டி அச்சுக்குப் போடும் மசகு ஆகியவற்றைக் கொண்டு விளக்கு செய்கிறார். குளிரில் விரல்கள் விறைத்துத் தடித்துப்போன அப்பாவால் பிடில் வாசிக்க முடிவதில்லை. ‘சோகமாக இருந்தார்’ என்ற வரிக்கு வேலையே இல்லை.

இவ்வளவும் நேர்மை. ஆனால் நாவல் ஒன்றை மறைக்கிறது.

வைல்டர் 1930-இல் எழுதிய தன்வரலாறு ‘பயனியர் கேர்ள்’. அது விரிவான குறிப்புகளோடு அச்சானது 2014-இல்தான். அந்தக் குளிர்காலத்தில் இங்கல்ஸ் வீட்டில் ஓர் இளம் தம்பதியும் இருந்தார்கள் என்பது அதில் வருகிறது. அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் அங்கேதான். கணவர் வேலையில் சரியாகப் பங்கெடுக்கவில்லை என்ற கசப்பும் அதில் உண்டு. நாவலில் இந்த மூவரும் இல்லை. ஆறு பேர் மட்டும், ஒரே அடுப்பைச் சுற்றி.

நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, சரிதான். ஆனால் எது வெட்டப்பட்டது என்று பாருங்கள். பனியில் அடைபட்ட வீட்டில் எழக்கூடிய மிகக் கடினமான கேள்வி, உழைக்காதவனுக்கும் ரொட்டியில் சமபங்கா என்பது. அவர்களோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் போய்விட்டது. நாவலைச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ உதவித் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தவர். தன் கையே தனக்கு உதவி என்ற குடும்பச் சித்திரம் 1940-இல் வெறும் நினைவேக்கமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஆனால் கதை அந்தச் சித்திரத்துக்குள் அடங்க மறுக்கிறது என்பதுதான் இந்த நாவலின் பலம். பக்கத்தில் வசிக்கும் இளைஞன் அல்மான்ஸோ, அடுத்த வருட விதைக் கோதுமையைப் பொய்ச்சுவர் ஒன்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். ஒரு நாள் அப்பா அங்கே வருகிறார். நேராகச் சுவரருகே போய், அடைப்பைப் பிடுங்கி, பால் வாளியில் கோதுமையை நிரப்புகிறார். அறையின் உள்ளளவு வெளியளவோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் முன்பே கவனித்திருக்கிறார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்கிறாரே தவிர, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதில்லை.

விதைநெல் என்ற சொல்லின் கனம் தெரிந்த மொழியில் இந்தக் காட்சியை வாசிப்பது வேறு அனுபவம். அல்மான்ஸோ அதைக் காப்பது பேராசையால் அல்ல. விதை போனால் அடுத்த வருடம் போயிற்று. ஆனால் பக்கத்து வீட்டில் பசி. இரண்டு பேர் பக்கமும் நியாயம். கடைசியில் அவன் விதையைக் காக்க ஒரே வழிதான் தெரிகிறது. கேப் கார்லண்ட் என்ற பையனோடு இருபது மைல் தொலைவில் எங்கோ கோதுமை வைத்திருப்பதாகச் சொல்லப்படும் ஒருவரைத் தேடி, பனிவெளியில் கிளம்புகிறான். அறுபது புஷல் கொண்டுவருகிறார்கள். கூலி கேட்கவில்லை. அதைப் புஷல் 1.25 டாலருக்கு வாங்கவைத்த கடைக்காரர் 3 டாலர் என்கிறார். அப்பா சண்டை போடுவதில்லை. உங்கள் பொருள், உங்கள் விலை, ஆனால் கோடையும் வரும், அப்போது எங்கே வாங்குவது என்பது எங்கள் உரிமை என்கிற தொனியில் பேசுகிறார். கடைக்காரர் அசல் விலைக்கு இறங்கி வருகிறார்.

சுதந்திர மனிதர்களைப் பற்றிப் பேச வந்த நாவல், ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவருடைய தயவில்தான் நகர்கிறது. அதில் சரியாகக் கணக்குத் தீர்க்கப்படாதவர் ஒருவர் உண்டு. தொடக்கத்தில் ஒரு முதிய பூர்வகுடி மனிதர் கடைக்கு வந்து, ஏழு மாதப் பனி வருகிறது என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். உடைந்த ஆங்கிலம், சில வரிகள், அவ்வளவுதான். குடும்பம் பிழைப்பதில் அவர் சொல்லுக்குப் பங்கு உண்டு. அந்த 160 ஏக்கர் முன்பு யாருடையது என்று நாவல் ஒருமுறைகூட நின்று யோசிப்பதில்லை.

கோதுமை விற்ற அந்த மனிதரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நிலத்தைவிட்டு நகராமல், தனியாக, மண்வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பவர். அந்த வீடியோக்கள் காட்டும் வாழ்க்கையை நாவலில் உண்மையிலேயே வாழ்பவர் அவர்தான். அவரிடம் இருந்ததும் விதைக் கோதுமைதான். முதலில் விற்க மாட்டேன் என்கிறார். ஊரில் பெண்களும் குழந்தைகளும் பட்டினி என்று இரண்டு பையன்கள் நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது.

கடைசியில் கொடுத்துவிடுகிறார். வசந்தத்தில் அவர் எதை விதைத்தார் என்று நாவல் சொல்வதில்லை.