திரௌபதி ரதத்தில் திரௌபதி இல்லை

மாமல்லபுரம் ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், "அங்கே ஒரு அம்மன் கோயில் இருக்கே, பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடற்கரைக் கோயிலைப் பற்றியோ, ஊருக்குள் இருக்கும் கோயில்களைப் பற்றியோ சொல்வார்கள். திரௌபதி ரதம் என்ற பெயரில் நிற்பது ஒரு கொற்றவை கோயில் என்பது கண்ணில் படுவதே இல்லை.

நான் மென்பொருள்காரன். ஒரு வேரியபிளுக்குத் தப்பான பெயர் வைத்துவிட்டால், பின்னால் வருகிறவன் அந்தப் பெயரை நம்பித்தான் நிரலைப் படிப்பான். இங்கும் அதேதான் நடக்கிறது. பஞ்சபாண்டவர் பெயர்கள் இந்த ஒற்றைக்கல் கோயில்களுக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. தர்மராஜ ரதத்தின் மேல்தளக் கல்வெட்டு அதை 'அத்யந்தகாம பல்லவேஸ்வரம்' என்கிறது. அது ஒரு சிவன் கோயில். தர்மருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரௌபதி ரதத்துக்கு வருவோம். ஐந்தில் சிறியது இது. கட்டமைப்பு எளிமையானது: சதுரத் தரை, மேலே வளைந்து இறங்கும் குடிசைக் கூரை. வாசலின் இருபுறமும் பெண் காவலர்கள். எதிரே ஒரு கல் சிங்கம். கருவறையின் பின்சுவரில் நான்கு கரங்களோடு தேவி நேராக நிற்கிறாள். சங்கும் சக்கரமும் ஏந்தியிருக்கிறாள், ஒரு கை அபயம் காட்டுகிறது. மேலே பூதகணங்கள். காலடியில் மண்டியிட்ட இரண்டு பேர். அதில் ஒருவன் தன் தலைமுடியை ஒரு கையால் பற்றி, மறுகையில் வாளை எடுத்துவிட்டான்.

அந்த ஒருவன்தான் இந்தச் சிற்பத்தின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். சிலர் அவன் முடி காணிக்கை தருகிறான் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முடி மழிக்க வாள் எதற்கு? முடியை இறுகப் பற்றிக் கழுத்தை நீட்டி நிற்பது பிற்கால நவகண்டக் கற்களிலும் தொடரும் தோரணை. வோகல் என்ற டச்சு அறிஞர் பல்லவச் சிற்பங்களில் உள்ள இந்தத் தலைப்பலியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நம் இலக்கியமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில், காடமர் செல்வியின் கோயிலில் பலியானவர்களின் தலைகள் மரங்களில் தொங்குகின்றன. கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலிலும் வீரர்கள் தலையை அரிந்து தருகிறார்கள். 'முடி' என்ற விளக்கம் ஆதாரத்திலிருந்து வருவதைவிட நம் சங்கடத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு சுருக்கல், 'துர்க்கை என்றாலே மகிஷாசுரமர்த்தினி' என்பது. மாமல்லபுரத்திலேயே மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அந்தப் போர்க்காட்சி இருக்கிறது: சிங்கத்தின் மேல் வில்லோடு தேவி, எதிரே கதையோடு பின்வாங்கும் எருமைத்தலையன். அற்புதமான சிற்பம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சொல்வது ஒரு புராணக் கதை. திரிமூர்த்தி குகையில் எருமைத்தலை மீது நிற்பவளும், ஆதிவராகக் குகையில் சிங்கத்தோடு மானையும் பக்கத்தில் வைத்திருப்பவளும் வேறு மரபையும் சுமந்து வருகிறார்கள். மான் எங்கிருந்து வந்தது? சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் குலப் பெண்ணுக்குக் கொற்றவைக் கோலம் புனைந்து மான்மீதுதான் ஏற்றுகிறார்கள். தொல்காப்பியம் 'கொற்றவை நிலை'யை வெட்சித் திணையில் சேர்க்கிறது. அதாவது போருக்குப் போகிறவர்களின் தெய்வம்.

இப்போது குடிசைக் கூரையைப் பாருங்கள். காட்டுக் கோட்டத்தில் ஓலைக் கூரைக்குள் இருந்தவளை அதே கூரையோடு கல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. கையில் மட்டும் சங்கும் சக்கரமும் கொடுத்து மாயோனின் தங்கையாக்கியிருக்கிறார்கள். வேட்டுவரின் தாய் அரச சமயத்துக்குள் நுழையும் வாசல் இது. ரதங்களை எழுப்பியவன் முதலாம் நரசிம்மவர்மன் என்போரும் உண்டு, இரா. நாகசாமி 1962இல் வாதிட்டது போல ராஜசிம்மன் என்போரும் உண்டு. யாராக இருந்தாலும் மேற்சொன்னது மாறாது.

இதை வெறும் பெருமையாகப் பேசவும் எனக்கு மனமில்லை. அந்த வாளேந்தியவன் யாருக்காகத் தலையைத் தருகிறான்? வேட்டுவன் தன் குடிக்காகக் கொடுத்திருக்கலாம். அரசன் செதுக்கிய கோயிலில் அதே செயல் அரசனின் வெற்றிக்கான பலியாகிறது. சிற்பி வாள் இறங்குவதற்கு முந்தைய கணத்தில் நிறுத்திவிட்டார். ரத்தம் இல்லை. தேவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அபயக்கரம் அப்படியே இருக்கிறது. அந்த அமைதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பக்தியை இவ்வளவு அழகாகவும் இவ்வளவு பயங்கரமாகவும் ஒரே சுவரில் காட்டிய இன்னொரு பல்லவச் சிற்பம் எனக்குத் தோன்றவில்லை.

திரௌபதி என்ற பெயரை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் தீமிதி வாங்கும் தெய்வம். இந்த உக்கிர அம்மனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒரேயடியாகத் தவறிவிடவில்லை, கோயிலுக்குள் ஒரு அம்மன் இருக்கிறாள் என்பதை அவர்கள் மறக்கவில்லை என்பது என் ஊகம். மறந்தது நாம்தான். சிங்கத்தின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரதத்துக்குப் போய்விடுகிறோம்.

அடுத்தமுறை போனால் வாசலில் நின்று உள்ளே ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் தேவியை. பிறகு அவள் காலடியில் இருப்பவனை.