எண்களும் அச்சமும்: டிபோவின் கொள்ளைநோய் நாவல்

1665 இல் இலண்டன் மாநகரை அழித்த கொள்ளைநோயைப் பொருளாகக் கொண்டு டானியல் டிபோ எழுதிய 'கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு' 1722 இல் வெளிவந்தது. நகரில் வாரந்தோறும் அச்சிடப்பட்ட இறப்புப் பட்டியல்கள் இந்நாவலெங்கும் இடம்பெறுகின்றன. கதைச்சுவையை மட்டும் நாடுவோர்க்கு இவை சலிப்பூட்டலாம். எனினும், நாவலின் உயிர்நாடி இவற்றிலேயே உள்ளது எனலாம்.

கதைசொல்லியான சேண வியாபாரி பட்டியல்களை அப்படியே நம்புபவனல்லன். கொள்ளைநோயால் இறந்தோர் மிகச் சிலரே எனப் பட்டியல் கூறிய தொடக்க நாட்களிலேயே, சில கோயிற்பற்றுகளில் மொத்த அடக்கங்கள் வழமையைவிடப் பெருகியதை அவன் கவனிக்கிறான். 2020 இல் கொவிட் பரவியபோது புள்ளிவிபரவியலாளர் கையாண்ட 'மிகை மரணம்' என்னும் அளவையின் அடிப்படையும் இதுவே.

பட்டியல் பொய்த்தமைக்கான காரணத்தையும் டிபோ தெளிவுறக் காட்டுகிறார். நோய் கண்ட வீட்டை, நலமுள்ளோரையும் உள்ளே வைத்துப் பூட்டிக் காவலிடுவது அன்றைய ஆணை. அதற்கு அஞ்சிய குடும்பங்கள் நோயை மறைத்தன; பிரேதங்களைப் பார்வையிட்டோருக்குக் கையூட்டளித்து வேறு நோயின் பெயரைப் பதிவித்தன. பட்டியலின்படி கொள்ளைநோயால் மாண்டோர் 68,590 பேர். கதைசொல்லியின் மதிப்பீடோ ஓரிலட்சம்.

நகர நிர்வாகத்தைப் போற்றுவதும் அதன் ஆணையைக் கண்டிப்பதுமாகக் கதைசொல்லி ஊசலாடுவது நாவலின் குறையெனத் தோன்றலாம். ஆயினும், அவன் கண்ட உண்மை வலிமையானது. ஆட்சியாளர்க்கு வழிகாட்ட வேண்டிய எண்ணை அவர்களது ஆணையே கெடுத்துவிட்டது. மெய் கூறியவரைத் தண்டிக்கும் அரசு மெய்யான கணக்கை எதிர்பார்த்தல் இயலாது.