அரசனின் ஆலயமும் தீர்க்கதரிசியின் குரலும்
நீபூரின் 1969ஆம் ஆண்டுக் கட்டுரை: ஒரு மதிப்பீடு

அமெரிக்க இறையியலார் ரெயின்ஹோல்டு நீபூர் 1969 ஆகஸ்டு மாதத்தில் ‘கிறிஸ்டியானிட்டி அண்டு கிரைசிஸ்’ என்னும் இதழில் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். அவ்விதழ் 1941இல் அவரே முன்னின்று தொடங்கியதாகும். ‘அரசனின் ஆலயமும் அரசனின் அரண்மனையும்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பு ஆமோஸ் ஏழாம் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. நீபூருக்கு அப்பொழுது வயது 77, நோயினால் மெலிந்திருந்தார். 1971இல் அவர் மறைந்தார். ஆளுங்கட்சியைக் குறித்துத் தாராளக் கொள்கையினர் எழுதும் விமரிசனம் எப்பொழுது தீர்க்கதரிசனமாகிறது, எப்பொழுது வெறும் எதிர்க்கட்சிக் குரலாக நின்றுவிடுகிறது என்னும் வினாவிற்கு இக்கட்டுரை இன்றும் நல்லதோர் உரைகல்லாகும்.

கட்டுரை எழுந்த சூழலை முதலில் நோக்குவோம். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்டு நிக்சன் 1969 ஜனவரி 20ஆம் நாள் அதிபராகப் பதவியேற்றார். அடுத்த ஞாயிறன்றே, வெள்ளை மாளிகையின் கிழக்கு மண்டபத்தில் ஆராதனை ஒன்றை ஏற்பாடு செய்தார். அதில் பிரசங்கித்தவர் பில்லி கிரகாம். பின்னர் கத்தோலிக்கக் குருமாரும் யூத ரபிமாரும்கூட அழைக்கப்பெற்றனர். யார் பிரசங்கிப்பது, யார் சபையாக அமர்வது என்பனவற்றையெல்லாம் வெள்ளை மாளிகையே முடிவுசெய்தது.

நீபூரின் வாதம் எளியது, ஆனால் கூரியது. 1791இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முதல் திருத்தம், அரசு ஒரு சமயத்தை நிறுவுவதைத் தடைசெய்கிறது. நிக்சனோ சட்டத்தின் எழுத்தை மீறாமலே, எல்லாச் சமயத்தாரையும் முறையே அழைத்து, அரசுக்கு இசைந்துபோகும் ஒரு சமயத்தைத் தம் மாளிகைக்குள் நிறுவிவிட்டார் என்கிறார் நீபூர். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா ஆமோசை விரட்டியது, அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்பதனால் அன்று. அவ்விடம் அரசனுக்குரியது என்பதனாலேயே. அரசனின் ஆலயத்தில் அரசனுடைய கொள்கையை நியாயந்தீர்க்கும் வார்த்தைக்கு இடமிராது. தனிமனிதரின் மனமாற்றத்தினாலேயே சமுதாயத்தின் தீமைகள் நீங்கிவிடும் என்னும் பக்திமார்க்க எண்ணம் இதற்குத் துணைபோகிறது என்றும் அவர் காட்டுகிறார்.

இக்கட்டுரையின் வலிமை, பிரசங்கியாரின் உள்ளத்தைவிட, அவர் நிற்கும் இடத்தையே முதன்மையாக ஆராய்வதில் உள்ளது. நல்லவர் ஒருவரும் அவ்விடத்தில் நாவடங்கிப்போவார் என்பதே அதன் எச்சரிக்கை. கட்டுரை வெளியானபின் நிகழ்ந்ததும் சிந்திக்கத்தக்கது. நிக்சனின் உதவியாளர் ஜான் எர்லிக்மன், நீபூரைப் பற்றிய கோப்பைக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையிடம் கேட்டார். அமத்சியா யெரொபெயாமுக்குச் சொல்லியனுப்பியதையே இது நினைவூட்டுகிறது. வாட்டர்கேட் ஊழலின் விளைவாக 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். 2002இல் வெளியான ஒலிநாடா ஒன்று, 1972இல் யூதரைக் குறித்து நிக்சன் பேசிய இழிமொழிகளைக் கிரகாம் மறுக்காமல் தாமும் உடன்பேசியதை வெளிப்படுத்திற்று. முதியவரான கிரகாம் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

எனினும் கட்டுரையில் ஒரு குறையுண்டு. கிரகாம், ஜனநாயகக் கட்சி அதிபரான லிண்டன் ஜான்சனுக்கும் நெருங்கிய நண்பராயிருந்தவர். 1953இல் ஐசனோவர் காலத்தில் தொடங்கிய ஆண்டுதோறும் நிகழும் ஜெபக் காலையுணவுக் கூட்டத்தில் இரு கட்சி அதிபர்களும் கலந்துகொண்டு வந்துள்ளனர். ஆகவே, அரசனின் ஆலயத்தைக் கட்டியவர் நிக்சன் மட்டும் அல்லர். மேலும், 1953இல் சட்டனூகா கூட்டத்தில் இனங்களைப் பிரித்த கயிற்றை அகற்றியவரும், 1957இல் நியூயார்க் கூட்டத்தில் ஜெபிக்க மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்தவரும் இதே கிரகாமே. இவற்றிற்குக் கட்டுரையில் உரிய இடம் இல்லை.

நீபூரும் கட்சிச் சார்பற்றவர் அல்லர். 1947இல் ‘ஜனநாயகச் செயலுக்கான அமெரிக்கர்’ என்னும் தாராளவாத அமைப்பை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1964இல் ஜான்சனிடமிருந்து நாட்டின் உயரிய விருதைப் பெற்றார். ஆயினும், அதே ஜான்சன் நடத்திய வியட்நாம் போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். தமக்கு விருதளித்த அரசைக் கண்டித்த அக்குரலே, பின்னர் நிக்சனைக் கண்டிக்க அவருக்குத் தகுதி அளித்தது எனலாம்.

இந்த அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும். 2025 ஜனவரி 21ஆம் நாள் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில், பேராயர் மேரியன் பட், புலம்பெயர்ந்தோர் முதலியோர்மீது இரக்கங்காட்டுமாறு அதிபர் டிரம்பை நேருக்குநேர் வேண்டினார். அது அதிபரின் மண்டபம் அன்று, திருச்சபையின் பிரசங்கபீடம். டிரம்ப் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அவர் கேட்கவில்லை. தாராளக் கொள்கையினர் இதைப் பெரிதும் போற்றினர். ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், 2024 பிப்ரவரியில், பைடன் ஆட்சியின்போது, ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயர்கள், காசாவின் துயரை முன்னிட்டு இஸ்ரவேலுக்கான உதவியை நிறுத்துமாறு அமெரிக்க அரசைக் கோரினர். அத்திருச்சபையாருள் பெரும்பாலோர் பைடனின் கட்சிக்கே வாக்களிப்போர். இவ்விரு குரல்களையும் ஒரே காதினால் கேட்பவனே நீபூரின் மெய்யான வாசகன்.

இறையியல் மாணவர் இக்கட்டுரையை நிக்சனுக்கு எதிரான ஆவணமாக மட்டும் வாசித்தல் போதாது. ஆள்வோரின் அழைப்பு வரும்பொழுது போதகர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: இவ்விடத்தில் நான் எதைச் சொல்ல இயலாது? எனக்கு உவப்பான கட்சியின் மண்டபத்திலும் இவ்வினாவை எழுப்புவேனா? இரண்டாம் வினாவிற்கு விடைதராத விமரிசனம், அது எவ்வளவு நியாயமானதாயினும், ஆமோசின் வழிவந்தது எனக் கூறிக்கொள்ள இயலாது.