அந்நிய நுகமும் தோழியர் குழுவும்

கல்லூரிகள் திறக்கும் ஆனி, ஆடித் திங்களில் கொங்கு நாட்டு ஆயர்களிடம் ஒரு வினா தவறாமல் வந்து சேர்கிறது. தாராபுரம், கோபி, பொள்ளாச்சி போன்ற ஊர்களில் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த மாணவி கோயம்புத்தூருக்கு வந்து விடுதியில் தங்குகிறாள். மூத்த மாணவியர் தங்களுக்கென அமைத்துக்கொண்ட குழு ஒன்றில் சேருமாறு அவளை அழைக்கின்றனர். ஒன்றாக உண்பது, பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வது, விழாக்களில் ஒரே நிறச் சேலை உடுத்தி நிற்பது, பூசை நாட்களில் கூடுவது ஆகியவை அதன் வழக்கம். "ஐயா, நான் சேரலாமா?" என்று மாணவி கேட்கிறாள். "வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா" என்று பெற்றோர் முந்திக்கொள்கின்றனர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய குழு 'சொராரிட்டி' என்னும் பெயரோடும், உறுதிமொழி, சின்னம், சேர்ப்புச் சடங்கு ஆகியவற்றோடும் இயங்குகிறது. நம் கல்லூரிகளில் அப்பெயர் வழங்குவதில்லை. ஆனால் அதன் கூறுகள் இங்கும் உண்டு. ஆகவே, மேற்கண்ட வினாவுக்கு நம் பிரசங்க பீடங்கள் வழங்கிவரும் இரு விடைகளைத் திருமறையின் ஒளியில் ஆராய்வது பயனுடையது. இரண்டுமே குறைபாடுடையன என்பது நம் துணிபு.

முதல் விடை: பிரிந்திரு

முதல் விடை 2 கொரிந்தியர் 6:14-ஐ ஆதாரமாகக் கொண்டது. அவிசுவாசிகளுடன் அந்நிய நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்பது அதன் கட்டளை. இவ்வசனம் திருமணத்துக்கும், கூட்டு வாணிபத்துக்கும், விடுதி நட்புக்கும் ஒரே அளவுகோலாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் பவுலடிகளார் இங்குக் கையாண்டுள்ள சொல், லேவியராகமம் 19:19-இன் கிரேக்க மொழிபெயர்ப்பை நினைவூட்டுவது. உபாகமம் 22:10-இல் எருதையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டலாகாது என்னும் விதியையும் ஒட்டியது. நுகம் என்பது யாது? காங்கேயம் காளைகளைப் பூட்டிப் பழகிய நம் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரே தடத்தில் பல கால்நடைகள் சந்தைக்கு நடந்து செல்லலாம், அது நுகமன்று. கழுத்தைத் திருப்பவும் இயலாதபடி, ஒன்றன் போக்கு மற்றொன்றின் போக்காகிவிடும் பிணைப்பே நுகம்.

அன்றியும், இதே பவுலடிகளார் 1 கொரிந்தியர் 5:9-10-இல் தம்மைத் தவறாகப் புரிந்துகொண்டோரைத் திருத்துகிறார். உலகத்தாரோடு அறவே கலவாதிருக்க வேண்டுமாயின் உலகைவிட்டே வெளியேற வேண்டியிருக்கும் என்கிறார். எனவே, பிறமதத் தோழியரின் கூட்டத்தில் சேர்வது என்ற ஒன்றே அந்நிய நுகமாகாது. இவ்வசனத்தால் எல்லாக் கதவுகளையும் மூடுவோர் அப்போஸ்தலன் திறந்து வைத்த கதவையும் மூடுகின்றனர்.

இரண்டாம் விடை: உப்பாயிரு

இரண்டாம் விடை இதற்கு நேர்மாறானது. "சேர்ந்துகொள், அங்கே உப்பாயிரு, சாட்சி பகர்" என்பது அது. மத்தேயு 5:13 மேற்கோளாகிறது. இவ்விடை தாராளமாகத் தோன்றினும் இருவகைப் பழுதுடையது. முதலாவதாக, பதினேழு வயதில் வீட்டைப் பிரிந்து வந்த ஒரு பெண்ணைத் தன்னந்தனியாய் ஒரு குழுவை மாற்றும் பணிக்கு அனுப்புகிறது. தானியேல்கூட அவ்வாறு தனித்து நிற்கவில்லை. அவருடன் மூவர் இருந்தனர். இரண்டாவதாக, தோழியரை அறுவடை நிலமாக மட்டும் காணப் பழக்குகிறது. உள்நோக்கத்தை மறைத்துக் கொள்ளும் நட்பு நட்பன்று. அதனை அறியும் நாளில் அத்தோழியர் நம் நற்செய்தியையும் ஐயுறுவர்.

சமயச் சாயல் காவலாகுமா?

"குழு கிறிஸ்தவச் சார்புடையதாயின் சேரலாம், இல்லையேல் வேண்டாம்" என்று கூறுவோரும் உளர். இதற்கு அமெரிக்க வரலாறு நல்லதொரு சோதனை. ஜார்ஜியா மாநிலத்தின் மேகன் நகரில் மெதடிஸ்டு சபையைச் சார்ந்த வெஸ்லியன் மகளிர் கல்லூரியில் 1851-இல் தோன்றிய அடெல்பியன் சங்கம் இத்தகைய மகளிர் சங்கங்களுள் மிகப் பழையது. இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரி பிரெஸ்பிட்டேரியன் சபையாருடையது. அங்கே 1867-இலும் 1870-இலும் இருபெரும் சங்கங்கள் தோன்றின. ஆக, இவை சபையார் நடத்திய கல்லூரிகளிலேயே முளைத்தவை; பக்தியுள்ள குடும்பத்துப் பெண்களால் தொடங்கப்பெற்றவை. எனினும் கறுப்பினப் பெண்களுக்கு அவற்றின் கதவு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவியர் 1908-இல் ஆல்பா கப்பா ஆல்பாவையும், 1913-இல் டெல்டா சிக்மா தீட்டாவையும் தமக்கெனத் தோற்றுவித்தனர். 2013-இல்கூட அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் நிறம் காரணமாக மறுக்கப்பட்ட செய்தி வெளியாகிப் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. செபத்தோடு தொடங்கும் கூட்டமும் பாவத்தின் கருவியாகக் கூடும் என்பதே நாம் கற்கும் பாடம்.

அக்காலத்திலேயே எச்சரித்தவரும் உளர். வீட்டன் கல்லூரியின் முதல் தலைவராகிய ஜோனத்தான் பிளான்சார்டு அடிமை முறையை எதிர்த்தது போன்றே இரகசியச் சங்கங்களையும் எதிர்த்தார். அவர் கருத்து முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும், நான் வெளியரங்கமாய்ப் பேசினேன், மறைவில் ஒன்றும் பேசவில்லை என்று ஆண்டவர் பிரதான ஆசாரியன் முன் கூறியதை (யோவான் 18:20) எண்ணுவோர்க்கு அவ்வெதிர்ப்பின் வேர் விளங்கும்.

கொரிந்துவின் மூன்று பந்திகள்

நம் மாணவியின் நிலைக்கு மிக நெருங்கி வருவது 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள பகுதியே. கிரேக்க, உரோமைய நகரங்களில் தொழிலாலும் வழிபாட்டாலும் இணைந்த சங்கங்கள் நிறைந்திருந்தன. உரோமைக்குத் தெற்கேயுள்ள லனூவியத்தில் கி.பி. 136-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அத்தகைய சங்கத்தின் விதிகளைக் காட்டுகிறது. நுழைவுக் கட்டணம் 100 செஸ்டர்ஸ். அத்துடன் ஒரு சாடி நல்ல திராட்சரசம். அடிமைகளும் உறுப்பினராகலாம். இறந்தோரைச் சங்கம் அடக்கம் செய்யும். குறித்த நாட்களில் தெய்வத்தின் பெயரால் விருந்துண்ணும். ஏழைக்கு மதிப்பும் துணையும் தந்த அமைப்பு அது. அதில் சேர விழைந்தோரைத் தீயோர் என்று தள்ளுதல் எளிதன்று. நம் விடுதிக் குழுவும் அவ்வாறே தனிமைக்கு மருந்தாக வருகிறது. அம்மருந்தின் தேவையை உணராத ஆயர் அதனைத் தடைசெய்யும் தகுதியைப் பெறார்.

பவுலடிகளார் இங்கே ஒரே விதியை வகுக்கவில்லை. மூன்று பந்திகளைப் பிரித்துக் காட்டுகிறார். கடையில் விற்பதை வினவாமல் வாங்கி உண்ணலாம் (10:25). அவிசுவாசி தன் இல்லத்துக்கு அழைத்தால் விருப்பமிருப்பின் செல்லலாம் (10:27). ஆனால் விக்கிரகத்தின் பந்தி கர்த்தருடைய பந்தியோடு இணங்காது (10:21). அழைப்பவர் யார் என்பதல்ல, அந்தப் பந்தி எதனை அறிக்கையிடுகிறது என்பதே இங்கு அளவுகோல். பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியையும் (8:10-12) அவர் அதனோடு சேர்க்கிறார்.

மூன்று சோதனைகள்

இவற்றின் அடிப்படையில் மாணவி தானே கேட்டறிய வேண்டிய மூன்று வினாக்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, உறுதிமொழி. சேர்வோரிடம் குழு எதனைக் கோருகிறது? பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூற இயலாத ஒன்றைக் கோருமாயின், அது நுகம். இழிவுபடுத்தும் சேர்ப்புச் சடங்கு இருப்பின் அதனை வினவவும் வேண்டுவதில்லை. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. 'விளையாட்டு' என்று தொடங்குவது எங்கே முடியக்கூடும் என்பதை நம் மாநிலம் அறியும்.

இரண்டாவது, பந்தி. பொங்கலன்று தோழியின் வீட்டில் உண்பதும், பூசையில் முன்நின்று ஆராதிப்பதும் ஒன்றல்ல. முன்னதை நன்றியோடு ஏற்கலாம். பின்னதைப் பணிவோடு விலக்கலாம். தானியேல் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார். அவர்கள் இட்ட பெயரையும் தாங்கினார். உணவில் மட்டும் எல்லை வகுத்தார். அதனையும் அதிகாரியிடம் வேண்டிக்கொண்டு, பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொல்லி, இங்கிதத்தோடு செய்தார் (தானியேல் 1:8-14). மறுப்பது மட்டுமன்று, மறுக்கும் முறையும் சாட்சியே. கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதற் பேராயரான அ. ஜா. அப்பாசாமி அவர்கள் தமிழ்ப் பக்தி மரபினை ஆழ்ந்து கற்று, 1927-இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிறர் மரபை மதிப்பது விசுவாசத்தை இழப்பதன்று என்பதற்கு நம் திருமண்டலமே சான்று பெற்றுள்ளது.

மூன்றாவது, கதவு. இக்குழு யாரை வெளியே நிறுத்துகிறது? கொங்கு நாட்டில் இதுவே மிகக் கூரிய வினா. நட்பு என்னும் பெயரால் சாதி கூடுவது இங்கு அரிதன்று. 2015-இல் பொறியியல் படித்த தலித் இளைஞர் ஒருவர் வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்தமைக்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022-இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உடன் படித்தோர் உரையாடுவதற்கே உயிர் விலையாகும் மண்ணில் கல்லூரிக் குழு சிறு செய்தியன்று. மாணவரிடையே சாதிப் பகைமையைத் தடுக்க வழிகூறிய நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கை, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றையும் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அமெரிக்கச் சங்கத்தின் சின்னம் செய்வதையே அக்கயிறும் செய்கிறது: உள்ளிருப்போர் யார், வெளியிலிருப்போர் யார் என்று அறிவிக்கிறது. எல்லாச் சாதியினர்க்கும் திறந்த ஒரு பிறமதக் குழுவைவிட, ஒரே சாதியினர் கூடும் 'கிறிஸ்தவ' நட்பே நம் மாணவிக்கு அந்நிய நுகமாகும் என்போம்.

நம் கூட்டங்களுக்கும் அதே அளவுகோல்

இச்சோதனைகளைப் பிறர்மீது மட்டும் செலுத்துவது நீதியன்று. 1912-இல் இந்தியாவில் அமைந்த கிறிஸ்தவ மாணவர் இயக்கமும், 1954-இல் உருவான யு.இ.எஸ்.ஐ. என்னும் நற்செய்தி மாணவர் ஐக்கியமும் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குத் துணைநின்றுள்ளன. ஆயினும் நம் சபை வாலிபர் சங்கங்களிலும் விடுதிச் செபக்குழுக்களிலும் யார் யாரோடு அமர்கின்றனர்? யாருடைய இல்லத்தில் உண்கின்றனர்? கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபையைவிட்டு அகற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு உடனுண்ணுதலையே சாதியை விட்டமைக்கு அடையாளமாகக் கேட்டது. அன்று பந்தியில் எழுந்த சிக்கல் இன்று பெண் பார்க்கும் படலத்திலும் சபைத் தேர்தலிலும் தொடர்கிறது. இதனைக் கண்டு வளரும் மாணவி, "விடுதிக் குழுவில் சேராதே" என்னும் நம் அறிவுரையை எவ்வாறு மதிப்பாள்?

ஆகவே, உடன் ஊழியர்க்கும் இறையியல் மாணவர்க்கும் நாம் கூற விழைவது இது. முடிவை மாணவியிடமிருந்து பறித்துக்கொள்ள வேண்டா. பெற்றோர் வேண்டினும் வேண்டா. மூன்று வினாக்களையும் அவள் கையில் கொடுத்து, விடைகளை அவளே அறிந்து வரச் செய்க. அவள் சேர்ந்தால் உடன் செபிப்பதற்கு இருவர் மூவரைத் தேடித் தருக. சேராதிருந்தால் அவளது தனிமைக்குச் சபை பொறுப்பேற்க வேண்டும்: நகரத்துக் குடும்பம் ஒன்று ஞாயிறு உணவுக்கு அவளை அழைக்கட்டும், அக்குடும்பம் அவள் சாதியினதாய் இராதிருப்பின் அது இன்னும் நன்று. அத்தகைய பந்தி நம் சபையில் இல்லையெனில், பிறர் விரிக்கும் பந்தியைக் குறைகூற நமக்கு வாயில்லை.