உறவுக்கு நிலம் வேண்டும்

சூழலியல் கூட்டங்களில் இப்போது ஒரு கருத்து தவறாமல் ஒலிக்கிறது. மலையையும் ஆற்றையும் உயிருள்ளவையாகக் கண்ட ஆதிமக்கள் இயற்கையைக் காத்தார்கள். அந்தப் பார்வையை இழந்த நாம் அழிக்கிறோம். பார்வை மீண்டால் பூமியும் மீளும் என்கிறார்கள். நம் சிற்றிதழ்களில் இக்கருத்து திணையின் பெயரால் வருகிறது. புன்னை மரத்தை உடன்பிறந்தவளாக எண்ணி நாணும் நற்றிணைத் தலைவியைச் சான்றுக்கு அழைக்காத கட்டுரை அரிது. அந்தப் பாடலின் அழகில் எனக்கு ஐயமில்லை. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் தவறு. ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி இட்டு வணங்கும் இதே நாட்டில்தான் அதன் துணையாறான நொய்யல் சாயக்கழிவால் செத்தது. ஒரத்துப்பாளையம் அணை பாசன நீருக்குப் பதில் நஞ்சைத் தேக்கியது. வணக்கத்துக்கு நம்மிடம் ஒருநாளும் குறைவு இருந்ததில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர், அனிமிசம் என்னும் கருத்தாக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. எட்வர்ட் டைலர் 1871இல் அதை ஆவிகளில் வைக்கும் நம்பிக்கை என்றும் மதத்தின் முதல் படி என்றும் வரையறுத்தார். கனவையும் சாவையும் விளங்கிக்கொள்ள முடியாத மனம் செய்த பிழையாக அதைக் கண்டார். களத்துக்குப் போகாமல் பிறர் தந்த குறிப்புகளை வைத்து எழுப்பிய ஆணவமான மாளிகை அது. 1967இல் லின் ஒயிட் என்னும் வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் அதைத் தலைகீழாக்கினார். மரத்துக்கும் ஓடைக்கும் காவல்தெய்வம் இருந்த உலகைக் கிறித்தவம் அழித்ததுதான் இன்றைய சூழல் நெருக்கடியின் மூலம் என்றார். டைலர் இகழ்ந்ததை ஒயிட் ஏறக்குறைய புகழ்ந்தார். ஆனால் இருவருக்கும் அனிமிசம் மனத்துக்குள் இருக்கும் ஒரு நம்பிக்கையே. இன்றைய மேடைப் பேச்சு ஒயிட்டைத் தாண்டி ஓர் அடியும் நகரவில்லை.

நகர்ந்தவர்கள் களத்தில் வாழ்ந்தவர்கள். கனடாவின் பெரன்ஸ் ஆற்றங்கரையில் ஒஜிப்வே மக்களிடம் தங்கிய இர்விங் ஹாலோவெல் 1960இல் எழுதிய கட்டுரை முதல் திருப்பம். கற்களெல்லாம் உயிருள்ளவையா என்று அவர் கேட்டதற்கு, நெடுநேரம் யோசித்த முதியவர் ஒருவர், எல்லாம் அல்ல, சில மட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். எந்தக் கல் உயிருள்ளது என்பது அதனோடு மனிதருக்கு நேர்ந்த அனுபவத்தைப் பொறுத்தது. கோட்பாட்டிலிருந்து பிறக்கும் பதில் அப்படி இருக்காது.

இந்தப் புலத்தின் ஆகச்சிறந்த எழுத்து நமது கூடலூர்க் காட்டிலிருந்துதான் பிறந்தது. இஸ்ரேலிய மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், 1970களின் இறுதியில் நீலகிரி-வயநாட்டுச் சரிவில் நாயக்கர் குடிகளுடன் தங்கினார். நாம் காட்டுநாயக்கர் என்றழைக்கும் மக்கள்தாம் அவர்கள். 1999இல் 'கரன்ட் ஆந்த்ரோபாலஜி' இதழில் வந்த அவரது கட்டுரை உலகெங்கும் அனிமிச ஆய்வைப் புரட்டிப்போட்டது. தமிழில் அதைப் பற்றிப் போதிய விவாதம் நடக்காதது நம் அறிவுலகின் வெட்கக்கேடு.

அவர் கண்டது இது. ஊருக்குள் வந்து, யாருக்கும் தீங்கின்றி, பார்த்துப் பழகியவரைப்போல் விலகிப்போகும் யானை அவர்களுக்குத் தேவரு, அதாவது உறவாடும் ஓர் ஆள். குடிசையை மிதித்து நொறுக்கும் யானை வெறும் யானை. ஒரே விலங்குதான், நடந்துகொண்ட விதம்தான் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சடங்கில் தேவருக்கள் ஆட்கள்மேல் வந்து பேசும்போது நாயக்கர்கள் கைகட்டி நிற்பதில்லை; குறை சொல்கிறார்கள், கேலி செய்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். காடு அவர்களுக்குப் பெற்றவரைப் போல ஊட்டும் உறவு. அந்த உறவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேனெடுக்கவும் கிழங்ககழவும் காட்டுக்குள் போகாமல் அதைப் புதுப்பிக்க வழியில்லை. ஆக, அனிமிசம் கூடிவாழ்வதால் வரும் அறிவு. வீட்டிலிருந்தபடி நம்பிப் பெறக்கூடியதல்ல.

2005இல் வந்த பிலிப் டெஸ்கோலாவின் பெருநூல் இன்னும் புகழ்பெற்றது. எக்வடோரின் அச்சுவார் மக்களிடம் வாழ்ந்த அவர், மனித குலத்தின் உலகப் பார்வைகளை நான்காக வகுத்தார். அனிமிசம் அதில் ஒன்று. இந்தியாவை அவர் அதில் சேர்க்காமல், அடுக்குகளாலும் ஒப்புமைகளாலும் கட்டிய வேறொரு வகையில் வைத்தார். பழந்தமிழரை அவசரமாக அனிமிசவாதிகளாக்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம். ஆனாலும் அந்த நான்கு கட்டங்கள் மிகக் கச்சிதமானவை, குளிர்ந்தவை. அவற்றில் காட்டிலாகாவின் வேலிக்கு இடமில்லை. பேர்ட்-டேவிட்டின் 1999 கட்டுரைக்கும் அறிதல்முறையே மையம். நில உரிமை அன்று.

அடுத்து சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் நியூசிலாந்து வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. அதே மாதம் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் அப்படியே அறிவித்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுவது இன்றைய வழக்கம், வேறுபாடுதான் முக்கியம். வாங்கனுயி மாவோரி மக்கள் நூறாண்டுக்கும் மேலாக அந்த ஆற்றுக்காகப் போராடியவர்கள். ஆற்றின் சார்பில் பேசும் இருவரில் ஒருவரை அவர்களே தேர்கிறார்கள். கங்கைக்கு நீதிமன்றம் நியமித்த காப்பாளர்கள் அரசு அதிகாரிகள். அந்த ஜூலையிலேயே உச்சநீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்தது. ஆற்றோடு வாழ்வோருக்கு அதிகாரம் இல்லாதபோது ஆற்றை ஆளாக்குவது வெறும் பட்டமளிப்பு.

நியாம்கிரி இதற்கு நேரெதிர்ச் சான்று. ஒடிசாவில் பாக்சைட் நிறைந்த அந்த மலை, டோங்ரியா கோந்த் மக்களுக்கு நியாம் ராஜாவின் இருப்பிடம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், சுரங்கம் பற்றிய முடிவில் கிராம சபைகளின் குரலைக் கேட்கச் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத் திட்டத்தை மறுத்தன. மலைக்கடவுள் மீதான பற்று அங்கே தனியாக நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்குக் கையும் காலும் தந்தது. அந்தச் சட்டம் இல்லையென்றால் நியாம் ராஜா நீதிமன்றத்தில் ஒரு நாட்டார் கதையாக முடிந்திருப்பார்.

தமிழ் எழுத்து இதை அறியாததல்ல. பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பழங்குடி ஊர்களைத் தேடி அலைந்த பிலோ இருதயநாத், கோட்பாட்டுச் சுமையின்றி அந்த மக்களை எழுதினார். இன்று அவரைப் படிப்போர் சிலரே. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) வனத்தோடு இருந்த உறவை மட்டும் பாடி நிற்காமல், நிலப் பறிப்பும் அதிரடிப்படையின் சித்திரவதையும் அதை எப்படி முறித்தன என்று காட்டியது. திணைப் பெருமை பேசும் நூறு கட்டுரைகளைவிட இந்த ஒரு நாவல் அனிமிசத்தை நன்கு விளக்குகிறது. கோயில்காடுகளைக் கொண்டாடுவோரும் கவனிக்கட்டும்: தெய்வத்துக்குக் கான்கிரீட் கோபுரம் எழும்போது பக்தி வளர்கிறது, காடு சுருங்குகிறது.

காட்டுநாயக்கர் வாழும் காடுகளின் ஒரு பகுதி 2007 முதல் புலிகள் காப்பகம். 2019 பிப்ரவரியில், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட வனவாசிகளை வெளியேற்றும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாத இறுதியில் அதை நிறுத்திவைத்தது. வழக்கைத் தொடர்ந்தவர்கள் காட்டுயிர் ஆர்வலர்கள். ஆதிமக்களின் பார்வையைப் போற்றியபடியே அவர்களைக் காட்டிலிருந்து இறக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே அனிமிசத்தை நேசிக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் அடுத்த கட்டுரையைக் கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். எந்த ஊரின் சமூக வன உரிமை மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். காட்டில் மனிதருக்கு இடமில்லாமல் போனால், யானையைத் தேவரு என்று அறிய அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.